முதுகுல கொஞ்சம் லூஸ்

எங்க அண்ணிகிட்ட ஒரு நல்ல வார்த்தை வாங்கறதுக்குப் பதிலா நான் மலையைக் குடைஞ்சு ரோடு போட்டிருக்கலாம். இந்நேரம் அது முடிஞ்சு, பஸ் கூட ஓடிக்கிட்டிருக்கும்.

அண்ணின்னா என் அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்தவங்க. நானும் அவங்களும் சேர்ந்து மார்க்கெட் தெருவுல தையல் கடை நடத்தறோம். நான் வெட்டறேன், அவங்க தைக்கறாங்க. ஜன்னலோரம் வெட்டு மேசை, அதுல கவிழ்ந்தபடி நான். எதிர்ல மிஷின், அதுக்குப் பின்னால நிமிர்ந்த முதுகோட அண்ணி. நான் எவ்வளவு கச்சிதமா வெட்டிக் கொடுத்தாலும் துணியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு "ம்" அப்படிம்பாங்க. அந்த "ம்"முக்கு நல்லாயிருக்குன்னு அர்த்தமா, தொலையட்டும்னு அர்த்தமான்னு இத்தனை வருஷத்துல எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆனா ஒண்ணு, உள்ளதைச் சொல்லணும். அண்ணி போட்ட தையல் பிரியாது. தையல் விட்டுப்போச்சுன்னு ஒருத்தர் கூட எங்க கடைப் படி ஏறினதில்லை. துணி நைஞ்சு கரித்துணியாகும், தையல் மட்டும் கல்லு மாதிரி நிக்கும். தெருவுல என்னைக் கத்தரின்னு கூப்பிடுவாங்க. தொழிலைப் பார்த்து வெச்ச பேர்னு நான் சொல்லிக்குவேன். வாயைப் பார்த்து வெச்ச பேர்னு தெரு சொல்லும்.

விஷயம் என்னன்னா, வருஷா வருஷம் எங்க மார்க்கெட் தெருப் பொம்பளைங்களுக்கும் எதிர்த்த கட்டடத்து பேங்க் பொம்பளைங்களுக்கும் ஒரு வாலிபால் மேட்ச் உண்டு. கோப்பை பெருசா ஒண்ணும் இல்லை, உள்ளங்கை அளவு இருக்கும். ஆனா ஜெயிச்சவங்க அதை வருஷம் பூரா வாசல்ல வெச்சு மினுக்குவாங்க. போன வருஷம் அது பேங்க் கண்ணாடிக்குள்ள போய் உக்கார்ந்துடுச்சு. போனதுக்குக் காரணம் நான்தான். எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு வலது கை தலைக்கு மேல போகாது. எப்போ இருந்துன்னு கேட்டா சொல்லத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா இறங்கி இறங்கி, காது மட்டத்துல வந்து நின்னுடுச்சு. மேல் தட்டுல இருக்கற நூல்டப்பாவை எடுக்க ஸ்டூல் போட்டுக்குவேன். பின்னல் போடறதை விட்டுட்டு முடியைக் கத்தரிச்சுக்கிட்டேன். மேட்ச்ல எல்லாரும் தலைக்கு மேல இருந்து சர்வீஸ் போட, நான் மட்டும் இடுப்புக்குக் கீழ இருந்து பந்தைத் தட்டினேன். கடைசிப் பாயிண்ட்ல அந்தப் பந்து பூ மாதிரி போய் இறங்கிச்சு, பேங்க் மேனேஜரம்மா எம்பி ஒரே அடி அடிச்சாங்க. முடிஞ்சது கதை. அவங்க சிரிச்சது கூட எனக்குப் பெருசில்லை. எங்க பக்கம் யாரும் என்னைத் திட்டலை பாருங்க, அதுதான் சுருக்குன்னு தைச்சுது.

எங்க டீமுக்குக் கேப்டன் அண்ணி. இந்த வருஷம் மேட்ச் தேதி வந்ததும் மிஷினை நிறுத்தாமலே சொல்லிட்டாங்க. "கை மேல போனா நீ ஆறு பேர்ல ஒருத்தி. போகலைன்னா மருந்துக்கடைக்காரி ஆடுவா. வீட்டுல உறவு, கோர்ட்டுல ஆட்டம்."

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு. மருந்துக்கடைக்காரி நல்லவதான், ஆனா பந்து வந்தா கண்ணை மூடிக்குவா. அவளுக்காக என்னை உக்கார வைக்கறதா? ஆத்திரத்துல அப்பவே அண்ணிகிட்ட, வாங்க, இந்தக் கையை இழுத்து மேல ஏத்துங்க, அதையும் பார்த்துடலாம்னு வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். அவங்க விளையாட்டுக்குக் கூட எதையும் சொல்றவங்க இல்லை, செய்யறவங்க. அவ்வளவு உயரம் இருந்தும் ஸ்டூல் மேல வேற ஏறி நின்னு என் மணிக்கட்டைப் பிடிச்சுத் தூக்கினாங்க பாருங்க, நான் போட்ட கூச்சல்ல எதிர்க்கடை நாய் எழுந்து ஓடிப்போச்சு.

அந்த நேரம் பார்த்து மாடியில கிளினிக் வெச்சிருக்கற பிசியோதெரபிஸ்ட் தம்பி, பேன்ட் நீளத்தைக் குறைக்கணும்னு உள்ள நுழைஞ்சுது. பையை அப்படியே கீழ போட்டுட்டு, முதல்ல அவங்க கையை விடுங்கன்னு ஓடிவந்துச்சு. அண்ணியை ஸ்டூல்ல இருந்து இறக்கிவிட்டுட்டு என்னை உக்காரவெச்சு, தோளைத் தொட்டு, கையை இப்படியும் அப்படியும் மெதுவாத் திருப்பிப் பார்த்துச்சு. மூட்டுல ஒரு கோளாறும் இல்லையாம். அப்படீன்னா ஏன்யா ஏற மாட்டேங்குதுன்னேன். துணி வெட்டற மாதிரி குனிஞ்சு உக்காருங்க, இப்போ கையைத் தூக்குங்கன்னுச்சு. தூக்கினேன். காது மட்டம். இப்போ நிமிர்ந்து, நெஞ்சை விரிச்சு உக்கார்ந்து தூக்குங்கன்னுச்சு. தூக்கினா, ஒரு சாண் அதிகமா ஏறுது!

"அக்கா, அதே கைதான். மாறினது முதுகு" அப்படின்னுச்சு தம்பி.

அப்புறம் விளக்கமாவே சொல்லுச்சு. அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அகலமா ஒரு தசை இருக்காம், கையைக் கீழ இழுக்கறது அதோட வேலையாம். நாள் பூரா குனிஞ்சே கிடந்தா அது சுருங்கிப் போய், கை மேல போகும்போது விடாமப் பிடிச்சு இழுக்குமாம். மேல்முதுகும் இறுகிப் போனா தோள்பட்டைக்குத் திரும்ப இடமே இருக்காதாம். தோளை எவ்வளவு இழுத்தாலும் வலிதான் மிச்சம், முதுகை நீட்டி விடுங்க, கை தானா ஏறும்னு முடிச்சுது.

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஏன்னா இது எங்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. கை தூக்கினா சட்டை பிடிக்குதுன்னு யாராவது வந்து நின்னா, நாங்க கைத்துணியைத் தொடவே மாட்டோம். நேரா முதுகு அகலத்தைத்தான் பார்ப்போம். முதுகுல கொஞ்சம் லூஸ் விட்டா போதும், கை சும்மா ஜம்முன்னு ஏறும். ஊருக்கெல்லாம் முதுகுல லூஸ் விட்ட எனக்கு, என் முதுகு மட்டும் ஞாபகத்துக்கு வரலை. அண்ணியைப் பார்த்தேன். "ம்"னாங்க.

மறுநாள்லேர்ந்து ஆரம்பிச்சுது என் கூத்து. தம்பி சொல்லிக்கொடுத்த முதல் பயிற்சிக்கு என் வெட்டு மேசையே போதும். ரெண்டு உள்ளங்கையையும் மேசை மேல ஊனிக்கிட்டு, கால் பின்னால போய், இடுப்பைப் பின்பக்கம் தள்ளி, கைக்கு நடுவுல நெஞ்சைக் கீழ விடணும். அக்குள் பக்கம் சுர்ருனு இழுக்கும். அதுதான் சரியான இடம்னு தம்பி சொல்லியிருந்தது. அந்தக் கோலத்துல நான் இருக்கும்போது ஒரு நாள் எதிரிப் படையோட கேப்டன், அதான் பேங்க் மேனேஜரம்மா, கோட்டுக்குப் பொத்தான் வைக்க உள்ள வந்துட்டாங்க. வாசல்ல இருந்து பார்த்தா என் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். என்னம்மா ஆச்சு இவங்களுக்குன்னு கேட்டாங்க. அண்ணி தலையே தூக்காம, ஊசி விழுந்துடுச்சு, தேடறான்னாங்க. பாவம், அந்தம்மா நல்ல மனசு, அவங்களும் குனிஞ்சு கொஞ்ச நேரம் தேடினாங்க.

ரெண்டாவது பயிற்சி இன்னும் மோசம். துணி சுத்தி வருமே கனமான அட்டைக் குழாய், அதுல பழைய துணியைச் சுத்தித் தரையில போட்டு, மேல்முதுகு அது மேல படற மாதிரி மல்லாக்கப் படுக்கணும். தலைக்குப் பின்னால கையைக் கோத்துக்கிட்டு, மூச்சை விட்டுக்கிட்டே பின்னால சாயணும். முதல் நாள் என் முதுகு போட்ட சத்தத்துல எனக்கே பயம் வந்துடுச்சு. விட்டுடறேன் அண்ணின்னு எழுந்தா, தோள் ரெண்டையும் பிடிச்சு மறுபடி படுக்க வெச்சாங்க. அந்த நேரம் பார்த்து அண்ணன் சாப்பாட்டுக் கூடையோட உள்ள வந்தான். தரையில தங்கச்சி, மேல குனிஞ்சு பொண்டாட்டி. ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். யார் பக்கம் பேசணும்னு தெரியலை போல. கூடையை வெச்சுட்டுச் சத்தமில்லாமப் போயிட்டான்.

கடைச் சுவத்துல அண்ணி சாக்கால ஒரு கோடு போட்டாங்க. சுவத்தோட ஒட்டி நின்னு கையை நேரா மேல தூக்கினா விரல் அங்க படணும். அதுதான் பரீட்சை. முதல் வாரம் அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வரும். அதே வாரம்தான் டீமுக்கு நீல நிறத்துல சட்டை வெட்டினேன். பருத்தித் துணி, இழுவை இருக்காது. கை வீசி ஆடணுமேன்னு எல்லாருக்கும் முதுகுல மடிப்பு வெச்சு வெட்டினேன். என்னுதை மட்டும் என் பழைய காகித அளவை வெச்சு, வழக்கம்போல ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டினாப்ல வெட்டிக் கொடுத்தேன். அண்ணி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. என்னையும் ஒரு பார்வை பார்த்தாங்க. "ம்."

நாளாக நாளாக எனக்கே நம்ப முடியலை. மேசையைப் பிடிச்சுத் தொங்கறது பழகிப்போய், அந்த இழுப்பு சுகமாக்கூட இருந்துச்சு. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர்கிட்ட அளவு பேசிக்கிட்டே மேல் தட்டுல இருந்து நூல்டப்பாவை எடுத்து அண்ணிகிட்ட நீட்டினேன். கொடுத்த அப்புறம்தான் உறைச்சுது, ஸ்டூல் போடலைன்னு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அந்த டப்பாவைத் திரும்ப வாங்கி, மறுபடி மேல வெச்சு, மறுபடி எடுத்தேன். வந்தவர் பயந்து போய் நாளைக்கு வரேன்னு கிளம்பிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. சந்தோஷம்னா அதுதான், வேற என்ன சொல்ல.

மேட்ச்சுக்கு முதல் நாள் சாயங்காலம் பரீட்சை. சுவத்தோட நின்னேன். அண்ணி என் இடுப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல அவங்க கையை விட்டுக்கிட்டாங்க. ஏன்னா நான் இடுப்பை வளைச்சு ஏமாத்துவேன்னு அவங்களுக்குத் தெரியும். கையைத் தூக்கினேன். ஏறுது, ஏறுது, கோட்டுக்கு ரெண்டு விரல் கீழ நின்னுபோச்சு. இடுப்பை லேசா நெளிச்சேன், விரல் பட்டுது. தொட்டுட்டேன்னேன். அண்ணி நடுவுல இருந்த கையை எடுத்து ஒரு தட்டுத் தட்டிட்டு, நாளைக்குப் பார்ப்போம்னு சொல்லி, என் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டினாங்க.

அப்போதான் கவனிச்சேன், முதுகு நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தையல். நான் நடுவுல வெட்டவே இல்லையே! என்ன இதுன்னா, துணியில கறை இருந்துச்சு, வெட்டி ஒட்டினேன்னாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊருக்கெல்லாம் முழு முதுகு, எனக்கு மட்டும் ஒட்டுப் போட்டதா? கரிச்சுக் கொட்டிக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில கடையைத் திறந்து, வீட்டு உடுப்போடவே எல்லாப் பயிற்சியும் செஞ்சு முடிச்சேன். மனசு எவ்வளவு கனத்தாலும் கை மட்டும் லேசா இருந்துச்சு. அப்புறம் அந்த ஒட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டு ஸ்கூல் மைதானத்துக்குப் போனேன். அண்ணி பேர் வாசிச்சாங்க. மருந்துக்கடைக்காரி பேர் வந்துச்சு, என் பேர் வரலை. நான் பெஞ்சுல போய் உக்கார்ந்து, கையைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். அழக்கூடாதுன்னு வானத்தைப் பார்த்தேன்.

ஆட்டம் சமமாப் போச்சு. ஒரு செட் அவங்க, ஒரு செட் நாங்க. மூணாவது செட்ல மாறி மாறி எடுத்து, அடுத்தடுத்து ரெண்டு பாயிண்ட் யார் எடுக்கறாங்களோ அவங்களுக்குக் கோப்பைங்கற இடத்துல வந்து நின்னுச்சு. அடுத்த சர்வீஸ் போட வேண்டியது மருந்துக்கடைக்காரி. அன்னிக்குப் பூரா அவ போட்டதுல பாதி வலையிலதான் விழுந்திருந்துச்சு. அவளே திரும்பி, அக்கா என்னால முடியலைன்னு கையை விரிச்சா. அண்ணி நடுவரைப் பார்த்துக் கை காட்டிட்டு, பெஞ்சுப் பக்கம் வந்தாங்க. என் முன்னால நின்னு பந்தை நீட்டினாங்க.

"இடுப்பை வளைக்காத. முதுகு பார்த்துக்கும்" அப்படின்னாங்க.

கோட்டுக்குப் பின்னால போய் நின்னேன். எதிர்ல மேனேஜரம்மா முன்னால நகர்ந்து நின்னுக்கிட்டாங்க, போன வருஷம் மாதிரி பூவா வர்ற பந்தை எதிர்பார்த்து. பந்தை மேல போட்டேன். நெஞ்சு விரிஞ்சுது, அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் அந்தச் சுர்ரு ஓடிச்சு, கை போச்சு, காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, நேரா மேல. அடிச்ச அடியில பந்து மேனேஜரம்மா தலைக்கு மேல பறந்து பின்கோட்டு மூலையில விழுந்துச்சு. அதே நேரம் என் முதுகுல டப்டப்டப்னு ஒரு சத்தம்.

பாயிண்ட் எங்களுக்கு. ஆனா மைதானத்துல யாரும் பந்தைப் பார்க்கலை. எல்லாரும் என் முதுகையே பார்க்கறாங்க. யாரோ கிழிஞ்சு போச்சுன்னாங்க, பேங்க் பக்கம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. அப்போதான் புத்திக்கு எட்டுச்சு. கை ஏறாத காலத்துல எனக்கு எதுக்கு லூஸ்? வருஷக்கணக்கா ஒட்டினாப்லயே வெட்டிப் பழகி, ஏறப்போற கைக்கும் அதே அளவுல வெட்டித் தொலைச்சிருக்கேன். ஊர்ல எந்த டெய்லரும் தனக்கே இப்படி ஒரு துரோகம் பண்ணியிருக்க மாட்டாங்க. மெதுவாக் கையைப் பின்னால விட்டுத் தடவினேன். தோல் தட்டுப்படும்னு பார்த்தா, துணி தட்டுப்படுது. இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புத் துணி. நடுத்தையல் பிரிஞ்ச இடத்துல, உள்ள மடிச்சு வெச்சிருந்த ஒரு சிவப்பு மடிப்பு அகலமா விரிஞ்சு கிடக்குது. ஒரு இழை கிழியலை. வெளியில மட்டும் நீளநீளமா ஓட்டியிருந்த நூல் விட்டிருக்கு, அவ்வளவுதான்.

அண்ணி போட்ட தையல் பிரியாது. பிரிஞ்சுதுன்னா, பிரியணும்னே போட்டிருக்காங்க.

அண்ணியைப் பார்த்தேன். அவங்க வலையைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. பந்தைப் போடு, எல்லாரும் காத்திருக்காங்கன்னாங்க. போட்டேன். எப்படிப் போட்டேன்னு கேக்காதீங்க, கண்ணு பூரா தண்ணி. பந்து போச்சு, மேனேஜரம்மா எடுத்துத் திருப்பி அனுப்பினாங்க, அது நேரா என் தலைக்கு மேல வந்துச்சு. நான் ரெண்டு கையையும் தூக்கி வாங்கி அண்ணிக்குக் கொடுத்தேன். அண்ணி அடிச்ச அடியில கோப்பை எங்க தெருவுக்கு வந்துச்சு.

அப்புறம் ஒரே கூச்சல். மருந்துக்கடைக்காரி என்னைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சா. மாடித் தம்பி எங்க அண்ணன் தோள்ல தட்டித் தட்டியே அவனுக்கு ஒரு தோள்வலியை வரவெச்சுடுச்சு. மேனேஜரம்மா வந்து கை கொடுத்துட்டு, அந்த ஊசி கடைசியில கிடைச்சுதான்னு கேட்டாங்க. நான் அண்ணி எங்கன்னு தேடினேன். பெஞ்சுக்குப் பின்னால நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாங்க.

இந்த மடிப்பை எப்போ வெச்சீங்கன்னு கேட்டேன். நீ வெட்டிக் கொடுத்த அன்னிக்கேன்னாங்க. அன்னிக்கு என் கை காது மட்டத்துல நின்ன கை. சுவத்துக் கோட்டைப் பார்த்து நான் பல்லைக் கடிச்ச வாரம். எவ்வளவு லூஸ் விட்டீங்கன்னேன். கை முழுசா மேல போனா எவ்வளவு வேணுமோ அவ்வளவுன்னாங்க, விலை சொல்ற மாதிரி.

அப்படின்னா எதுக்கு அண்ணி மேல தைச்சு மூடினீங்க, எல்லாருக்கும் வெச்ச மாதிரி மடிப்பைத் திறந்தே விட்டிருக்கலாமேன்னு கேட்டேன்.

அண்ணி டம்ளரைக் கீழ வெச்சாங்க. என் பின்னால வந்து, காத்துல ஆடிக்கிட்டிருந்த நூல் முனையை விரல்ல சுத்திப் பிச்சு எடுத்தாங்க.

"கை ஏறலைன்னா, உள்ள ஒண்ணு இருந்துதுன்னு உனக்குத் தெரியாமலே போகட்டும்னுதான்."

நான் திரும்பி ரெண்டு கையையும் தூக்கி அவங்க கழுத்தைச் சுத்திக் கட்டிக்கிட்டேன். அண்ணி என்னைவிட ஒரு தலை உயரம். இத்தனை வருஷத்துல அவங்க கழுத்து வரைக்கும் என் கை எட்டினது அதுதான் முதல் தடவை. அவங்க விரல்ல சுத்தியிருந்த நூலை உதறினாங்க. அப்புறம் என் முதுகுல, அந்தச் சிவப்புத் துணி மேல, கையை வெச்சு "ம்"னாங்க.